கீழ்மாடி வீடும் ஒரு மூக்கும்

“மணக்குதோ?”

குலேந்திரன் கோட்டின் கையை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“இல்லை,” என்றாள் செல்வராணி.

“வடிவா மணந்து பாரும்.”

“மணந்தாச்சு. கிழமை முழுக்க யன்னலுக்கு வெளியில தொங்கவிட்டா என்ன மணக்கும்? குளிர்தான் மணக்குது.”

குலேந்திரனுக்கு நம்பிக்கை வரவில்லை. தானும் ஒருமுறை மணந்து பார்த்தான். அந்த மூக்கையும் அவன் நம்பவில்லை. கறியோடு வளர்ந்த மூக்கு கறியைக் காட்டிக் கொடுக்காது என்பது அவனுடைய எண்ணம்.

அது எண்பத்தேழாம் ஆண்டின் வசந்தம். சுவிசின் துன் நகரத்து ஏரிக்கரை உணவகம் ஒன்றில் குலேந்திரன் சட்டி கழுவிக்கொண்டிருந்தான். அந்த உணவகத்தின் உச்சியில், வேலையாட்களுக்கென்று விடப்பட்ட சாய்கூரை அறையில் இருவரும் குடியிருந்தார்கள். அறைக்குள் சமைக்கக் கூடாது என்பது சட்டம். கட்டிலுக்குக் கீழே ஒரு சின்ன மின்னடுப்பு இருந்தது என்பது வேறு விடயம். பிள்ளை பிறந்தால் அறையை விட்டுவிட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். செல்வராணிக்கு இது ஏழாம் மாதம்.

வீடு தேடித் திரிந்தார்கள். ஒரு வீட்டுக்காரி கதவைத் திறந்து, இவர்களைப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். அன்றைக்கு இருவரும் பாணும் ஜாமும்தான் சாப்பிட்டிருந்தார்கள். இன்னொருவர் தொலைபேசியில், “நீங்கள் வீட்டில் சமைப்பீர்களா?” என்று கேட்டார். வீட்டில் சமைக்காமல் வேறெங்கே சமைப்பது என்று குலேந்திரன் யோசித்து முடிப்பதற்குள் மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

கடைசியாகக் கிடைத்தவர் ஏஷ்லிமன். ஊர் உதைபந்தாட்ட அணியின் ரசிகர்களுக்கு அவர்தான் தலைவர். இளம் வயதில் அதே அணிக்குக் கோல் காப்பாளராக இருந்தவர். எங்கோ வாங்கிய அடியில் அவருடைய மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவருடைய வீட்டின் கீழ்மாடி காலியாக இருந்தது. மேல்மாடியில் அவர் தனியாக இருந்தார். கீழ்வீட்டுச் சமையலறை யன்னலுக்கு நேர் மேலே அவருடைய சமையலறை யன்னல்.

“இதைவிட மோசமான இடம் சுவிசில இல்லை,” என்று அந்த யன்னல்களைப் பார்த்தபோதே செல்வராணி சொல்லிவிட்டாள்.

ஏஷ்லிமன் இல்லை என்று சொல்லவில்லை. உணவகத்தின் பின்கதவடியில் குலேந்திரன் வீட்டைப் பற்றிக் கேட்டபோது, ஏப்ரனோடு நின்றவனுக்குக் கிட்ட வந்து, ஆழமாக மூச்சை இழுத்தார். இன்னொரு தடவையும் இழுத்தார். பிறகு, “சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் கார்கள் நிறுத்துமிடத்தில் நாங்கள் கிரில் போடுவோம். நீங்களும் வாருங்கள். நெருப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை அங்கே பேசலாம்,” என்றார்.

நெருப்பைப் பார்த்துக்கொள் என்று ஒருவரிடம் சொன்னால், விருந்தே அவருடைய பொறுப்பு என்றுதான் குலேந்திரனுக்கு விளங்கும். அடுப்பு ஒருவன் கையிலும் சாப்பாடு இன்னொருவன் கையிலும் இருக்கிற வீட்டை அவன் கண்டதில்லை.

“நான் எல்லாம் செய்கிறேன்,” என்று சொல்லிவிட்டான்.

கீழே கார் ஹோர்ன் அடித்தது. பீற்றர் வந்துவிட்டார்.

பீற்றர் மன்னார் ஆள். இவர்களுக்கு முந்தியே சுவிசுக்கு வந்து, ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை செய்தார். ஒரு பழைய காரும், இந்த நாட்டைப் பற்றி எதையும் விளக்கக்கூடிய அறிவும் அவரிடம் இருந்தன. கார் சில வேளைகளில் ஓடாது.

“தம்பி, நான் சொல்லுறதை வடிவாக் கேள்,” என்று கார் ஏரிக்கரையால் திரும்பும்போது தொடங்கினார். “அவன் உன்னை விருந்துக்குக் கூப்பிடேல்லை. சோதிக்கக் கூப்பிட்டிருக்கிறான்.”

“எனக்கும் அப்பிடித்தான் அண்ணை படுது.”

“அவன்ர மூக்கைக் கவனிச்சனியோ?”

“சாஞ்சிருக்கு.”

“சாஞ்ச மூக்குக்குத்தான் கூர்மை கூட. நான் ஒருநாள் உங்கட உணவகத்தில இருந்து பாத்தனான். கோப்பி வந்தா மணக்கிறான். மேசையில பூ வைச்சா மணக்கிறான். கை துடைக்கிற துணியை எடுத்து மணக்கிறான். எயார்போர்ட்டில சுங்கக்காரர் வைச்சிருக்கிற நாய்கூட இப்பிடி வேலை செய்யாது.”

குலேந்திரனும் ஒன்றைக் கவனித்திருந்தான். எந்தச் சாப்பாடு வந்தாலும், வாயில் வைக்க முதலே ஏஷ்லிமன் அதன்மேல் உப்பையும் கடுகுக் குழம்பையும் அள்ளிப் போடுவார். அவருடைய சாப்பாட்டுக் கோப்பை திரும்பி வரும்போது தலைமைச் சமையற்காரர் அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

“அது மற்றவன்ர சமையலில நம்பிக்கையில்லாத ஆக்கள் செய்யிற வேலை,” என்றார் பீற்றர். “இன்னொண்டு. அந்த மைதானத்துக் காவல்காரன் ரீட்டர் இருக்கிறானல்லோ, சுருட்டுக் கிழவன். அவன் சுருட்டைப் பத்தவைச்சா உணவகத்தில பாதிப்பேர் எழும்பி மற்றப் பக்கம் போயிடுவினம். இவன் மட்டும் அவனுக்குப் பக்கத்தில போய் இருப்பான். ஏன்?”

“கூட்டாளியோ?”

“ரண்டு பேரும் ஆக்களை வேவு பாக்கிறாங்கள். கிழவன் கண்ணால பாக்கிறான், இவன் மூக்கால பாக்கிறான்.”

பின்ஆசனத்திலிருந்து செல்வராணி, “அப்ப காதால கேக்கிறது ஆர்? நீங்களோ?” என்றாள்.

பீற்றர் அதைக் கேட்காதவர்போல் திட்டத்தைச் சொன்னார். அறைக்குள் எதையும் சமைக்கக் கூடாது. எல்லாம் திறந்த வெளியில். வெங்காயம் வதக்கக் கூடாது. கறிவேப்பிலை கூடாது. தூள் என்ற பேச்சே கூடாது. ஆட்டிறைச்சிக்கும் கோழிக்காலுக்கும் உப்பும் மிளகும் மட்டும்.

“உப்பும் மிளகும் போட்டா அது காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாப்பாடு,” என்றாள் செல்வராணி.

“தங்கச்சி, வீடு வேணுமோ, உறைப்பு வேணுமோ?”

செல்வராணி மடியிலிருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். பைக்குள், பாலில் கரைக்கிற ஓவோமால்டீன் மாவின் தகரப் பேணி ஒன்று இருந்தது. பேணிக்குள் ஓவோமால்டீன் இல்லை. பாரிசிலிருந்து ஓர் ஆள் மூலம் வந்த வறுத்த மிளகாய்த்தூள் இருந்தது.

மைதானத்துக்குப் பின்னால், கார்கள் நிறுத்துமிடத்தில், அரைவாசியாக வெட்டிய இரும்புப் பீப்பாய் ஒன்று அடுப்பாக நின்றது. குலேந்திரன் கரி போட்டு மூட்டினான். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அடுப்பு மூட்டுகிற ஆளை அந்த ஊர் முன்னர் கண்டதில்லை. வேலி ஓரமாக நின்ற ரீட்டர் கிழவர் சுருட்டைப் புகைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார், கண் வேலை செய்யுது,” என்று பீற்றர் முணுமுணுத்தார்.

புகை கோட்டில் ஏறிவிடும் என்று அப்போதுதான் குலேந்திரனுக்கு உறைத்தது. பீற்றர் காருக்குள்ளிருந்து ஓடிக்கொலோன் போத்தலை எடுத்து அவனுடைய தோள், முதுகு, கைகள் எல்லாவற்றிலும் ஊற்றினார். போத்தல் பாதியாகிவிட்டது.

“இப்ப மணக்குதோ?” என்று குலேந்திரன் மனைவியிடம் கேட்டான்.

“கலியாண வீடு மாதிரி மணக்குது,” என்றாள் அவள், ஓரடி பின்வாங்கி.

சிவப்பு வெள்ளைக் கழுத்துச் சால்வைகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கார்களின் பின்கதவுகள் திறந்தன, பியர்ப் பெட்டிகள் இறங்கின. ஏஷ்லிமனும் வந்தார். அவருடைய இடுப்பில் வீட்டுத் திறப்புக் கோர்வை ஒன்று ஆடியது. நேரே குலேந்திரனிடம் வந்து கை கொடுத்தார். கையைக் கொடுத்தபடியே தலையைக் குனிந்து, கோட்டின் தோளருகே மூச்சை இழுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையை விட்டுவிட்டு அப்பால் போனார்.

“பிடிச்சிட்டான்,” என்றான் குலேந்திரன். “கொலோனுக்குக் கீழ என்ன ஒளிச்சிருக்கிறன் எண்டு பாக்கிறான்.”

“அசையாமல் நில்,” என்றார் பீற்றர்.

அதற்குள் அடுத்த சிக்கல் வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. பெட்டிகளுக்குள் கட்டையான செர்வெலா சொசேஜ்கள். சிலரிடம் பன்றி இறைச்சித் துண்டும் இருந்தது. அவற்றைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் அடுப்பை நோக்கி வந்தார்கள்.

“பாத்தியோ?” என்றார் பீற்றர். “உன்ர சாப்பாட்டில நம்பிக்கையில்லாமல் தங்கட தங்கட சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாங்கள்.”

குலேந்திரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. விடியத் தொடங்கி, விறைத்த கையோடு அவன் இறைச்சி வெட்டியிருந்தான். விருந்துக்கு வருகிறவர்கள் சோற்றுப் பார்சலோடு வந்தால் எப்படியிருக்கும்?

“என்ன செய்யிறது அண்ணை?”

“வாங்கி வை. விருந்தாளிகளைக் கொண்டு சமைப்பிக்கிறதோ?”

அது சரியாகப் பட்டது. குலேந்திரன் ஒவ்வொருவரிடமும் போய், சிரித்துத் தலையை ஆட்டி, “வேண்டாம், வேண்டாம், நான் எல்லாம்,” என்று சொல்லிப் பெட்டிகளை வாங்கினான். பலர் விடவில்லை. அவன் மரியாதைக்காகப் பறித்தான். பறித்ததையெல்லாம் பீற்றர் தன் காரின் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

சிவப்புச் சால்வை போட்ட ஒரு பெண், பூட்டிய காரையும் பீற்றரையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னாள். அவர் போய்க் காரின் இலக்கத் தகட்டைக் குனிந்து பார்த்தார்.

“நம்பரைப் பாக்கிறான்,” என்றான் குலேந்திரன்.

“பாக்கட்டும். வரி கட்டின கார்தான்.” சற்று யோசித்துவிட்டு பீற்றர், “கட்டினதெண்டுதான் நினைக்கிறன்,” என்றார்.

இறைச்சி வெந்தது. தூள் படாத ஆட்டிறைச்சி வெளிறிப்போய், தண்ணீரில் ஊறிய கை விரல்போல் கிடந்தது. செல்வராணி அதைப் பார்க்க முடியாமல் மலைப்பக்கம் திரும்பி நின்றாள். குலேந்திரன் ஒவ்வொரு கோப்பையாக நிரப்பி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தான். ஒருவருக்கும் குறை வைக்கவில்லை. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, விருந்து வைக்கிறவன் நிற்க வேண்டியபடி, ஓரமாக நின்றான்.

ஒருவரும் சாப்பிடவில்லை.

கோப்பையைப் பிடித்தபடி எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். இந்த இடத்தைப் பிற்காலத்தில் சொல்லும்போது குலேந்திரன் எழுந்து நின்று, கையில் இல்லாத கோப்பையை நெஞ்சுக்கு நேரே பிடித்து, அந்தப் பன்னிரண்டு முகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டுவான். இங்கே அப்படி நடித்துக் காட்ட அவன் இல்லை. எழுதித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

“சாப்பிடுங்கள்,” என்றான் குலேந்திரன்.

அவர்கள் தலையை ஆட்டினார்கள். நன்றி சொன்னார்கள். சாப்பிடவில்லை.

“நீங்கள் எடுக்கவில்லையா?” என்று சால்வைப் பெண் கேட்டாள்.

“நான் பிறகு,” என்றான் அவன். விருந்தாளிகள் கை கழுவுமுன் விருந்து வைக்கிறவன் வாயில் ஒரு பருக்கை வைத்தால் அது என்ன விருந்து?

“உங்கள் மனைவி?”

“அவவும் பிறகு.”

“உங்கள் நண்பர்?”

“நானும் பிறகுதான்,” என்றார் பீற்றர், பெரிய மனது பண்ணி.

சால்வைப் பெண் தன் கோப்பையை மெதுவாகக் காரின் மேல் வைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். ஒருவர் தன் இறைச்சியை முள்ளுக்கரண்டியால் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஏஷ்லிமன் மட்டும் கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு மணந்தார். நீளமாக மணந்தார். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டு அவரும் கோப்பையைக் கீழே வைத்தார்.

“முடிஞ்சுது,” என்றான் குலேந்திரன். “தூள் போடாமலே கண்டுபிடிச்சிட்டான்.”

“இறைச்சிக்கே ஒரு மணம் இருக்கு, அதை நாங்கள் யோசிக்கேல்லை,” என்று ஒப்புக்கொண்ட பீற்றர், “பொறு. தேசிக்காய்ப் புளி விடுவம்,” என்று காரை நோக்கி ஓடினார். கையில் வந்தது தேசிக்காய் இல்லை, கொலோன் போத்தல்தான். “கொஞ்சமாத் தெளிச்சா...”

“உங்களுக்கென்ன விசரோ?” என்று செல்வராணி திரும்பினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் வந்தது. “ஏன் சாப்பிடாமல் நிக்கினம் எண்டு உங்கள் ரண்டு பேருக்கும் விளங்கேல்லையோ? இதை ஆர் சாப்பிடுவான்? நான் சாப்பிடுவனோ? நாய் சாப்பிடுமோ? வீடு கிடைக்காட்டி கிடைக்காமல் போகட்டும். என்ர கையால இப்பிடி ஒரு சாப்பாடு குடுத்தனெண்டு பேர் வேண்டாம்.”

பைக்குள்ளிருந்து ஓவோமால்டீன் பேணி வெளியே வந்தது.

அதற்குள் என்ன இருக்கிறதென்று குலேந்திரனுக்குத் தெரியும். “வேண்டாம் செல்வராணி,” என்றான்.

பீற்றருக்கு மூடி திறந்த பிறகுதான் தெரிந்தது. “தங்கச்சி, கையை எடு,” என்று பேணியைப் பிடித்தார். அவள் விடவில்லை. அவர் இழுத்தார். அவள் விட்டாள்.

பேணி தலைகீழாகப் பீப்பாய்க்குள் போனது.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கரி பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். செம்மஞ்சளாக ஒரு புகை எழுந்து, கொஞ்சம் நின்று யோசித்து, ஏரிப் பக்கத்திலிருந்து வந்த காற்றோடு விருந்தாளிகளை நோக்கிப் போனது.

சால்வைப் பெண் தும்மினாள். பக்கத்தில் நின்றவர் இருமினார். அடுத்த நிமிடம் கார் நிறுத்துமிடம் முழுவதும் தும்மலும் இருமலும் தவிர வேறொன்றும் இல்லை. சால்வைகள் மூக்குக்கு ஏறின. ஆட்கள் மைதான வாசலை நோக்கி ஓடினார்கள். டிக்கெட் கிழிக்க நின்றவர், டிக்கெட்டைப் பார்க்காமல் தானும் உள்ளே ஓடினார். பீற்றர் காருக்குள் புகுந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்.

புகை கொஞ்சம் விலகியபோது குலேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். எல்லோரும் ஓடிய இடத்தில் ஏஷ்லிமன் மட்டும் நின்றார். புகைக்கு நடுவில், மூக்கைப் பொத்தாமல், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். கண்களிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கன்னத்தால் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. பீப்பாய்க்குக் கிட்டவாக ஓரடி வைத்தார்.

“ஐயா, மன்னியுங்கள். தவறு. பெரிய தவறு,” என்றான் குலேந்திரன்.

ஏஷ்லிமன் அவனைப் பார்த்தார். திரும்பி, தோள்கள் குலுங்க, வாசலைக் கடந்து உள்ளே போய்விட்டார். கார்களின் மேல் பன்னிரண்டு கோப்பைகள் தொடப்படாமல் கிடந்தன.

ஆட்டம் தொடங்கிய விசில் கேட்டது.

“அவரை அழவைச்சிட்டன்,” என்றான் குலேந்திரன். “வீட்டுக்காரனை அழவைச்சு வீடு வாங்கின ஆள் உலகத்தில இருக்கோ?”

பீற்றர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, “பொலிசுக்குச் சொல்லத்தான் உள்ள போயிருக்கிறான். கிழவனையும் காணேல்லை. ரண்டு பேரும் சேந்துதான் போயிருப்பாங்கள்,” என்றார்.

செல்வராணி ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். வயிற்றைத் தடவினாள். எரிந்த தூளின் மணம் இன்னும் நின்றது.

“எனக்குப் பசிக்குது,” என்றாள்.

வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் மூவரும் ஆளுக்கொரு கோப்பையை எடுத்தார்கள். புகையில் தூள் படிந்து இறைச்சியின் மேல்பக்கம் சிவந்திருந்தது. குலேந்திரன் ஒரு துண்டைக் கடித்தான். அவ்வளவு மோசமில்லை. அதுவே அவனுக்கு இன்னும் துக்கமாக இருந்தது.

“ஆ, இப்போது தொடங்கிவிட்டீர்களா?”

ரீட்டர் கிழவர் சுருட்டோடு வந்து நின்றார். “எ குவெத்தே,” என்றார். இந்த ஊரில் அதைச் சொல்லித்தான் சாப்பிடத் தொடங்குவார்கள். சொல்லிவிட்டு, காரின் மேலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, நின்றபடியே இறைச்சியை வாயில் போட்டு மென்றார்.

“விருந்து கொடுப்பவர் தொடங்காமல் நாங்கள் எப்படித் தொடுவது? எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றோமே,” என்றார். இன்னொரு துண்டை எடுத்தார். “நன்றாக இருக்கிறது. என் சொசேஜை எங்கே வைத்தீர்கள்? இங்கே அவரவர் இறைச்சியை அவரவர் கொண்டு வருவதுதான் வழக்கம்.”

குலேந்திரன் பீற்றரைப் பார்த்தான். பீற்றர் மலையைப் பார்த்தார்.

கிழவர் மென்று முடித்து, பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்து நீட்டினார்.

“வாசலைப் பூட்டிவிட்டுப் போக வேண்டுமா?” என்று குலேந்திரன் பணிவாகக் கேட்டான். துரத்துகிறார்கள் என்றுதான் நினைத்தான்.

“கீழ்மாடி வீடு. ஏஷ்லிமன் கொடுக்கச் சொன்னார். ஒரு நிபந்தனை இருக்கிறது. சமைக்கும்போது சமையலறை யன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.”

குலேந்திரன் எழுந்துவிட்டான். “கட்டாயம் ஐயா. எந்த நேரமும் திறந்து வைப்போம். மணம் முழுவதும் வெளியே போய்விடும்.”

“வெளியே போவதற்கில்லை, மேலே வருவதற்கு,” என்ற ரீட்டர், சுருட்டை வாயிலிருந்து எடுத்து அதைச் சந்தேகமாகப் பார்த்தார். “இளம் வயதில் பந்து மூக்கில் பட்ட நாளிலிருந்து அந்த மனிதனுக்கு ஒரு மணமும் தெரியாது, இவ்வளவு காலமும் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே ஆள் அவன்தான், இப்போது உள்ளே வைத்து, என் சுருட்டு நாறுகிறது என்று சொல்லி, என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, எழுந்து வேறு கதிரைக்குப் போய்விட்டான்.”